திருமறையைத் தெளிந்து ஓதுதல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகம் ஒன்றன் வெள்ளி விழாவில் பள்ளிப் படிப்பையும், உதவித் தொகையையும், வேலை வாய்ப்பையும் பற்றிப் பேசுவதே வழக்கம். அவ்வாறிருக்கத் திருமறையை ஓதும் முறை பற்றி இங்குப் பேசுவானேன் என்று சிலர் வியக்கக்கூடும். நம் கழகம் எந்தச் சபைக்கும் உரியதன்று. இதன் உறுப்பினருள் மாரியம்மனை வழிபடுவோரும் உளர், கத்தோலிக்கரும் உளர், தென்னிந்தியத் திருச்சபையாரும், பெந்தெகொஸ்தே சபையாரும் உளர். ஒரே தாய் வயிற்றில் பிறந்த மூவர் மூன்று இடங்களில் வழிபடுவது திண்டுக்கல் நகரிலும், நிலக்கோட்டை, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வரை பரந்து கிடக்கும் சமவெளிச் சிற்றூர்களிலும் அரிய காட்சியன்று. ஆகவே, இவர்களுக்கிடையே எழும் பிணக்கு இக்கழகத்தின் பிணக்காகவும் ஆகிவிடுகின்றது.

நாம் குருவானவரும் அல்லோம், போதகரும் அல்லோம். பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்று, ஒரு பாட்டையோ உரைநடைப் பகுதியையோ மாணவர் பிழையறப் படித்துப் பொருள் கொள்ளுமாறு பழக்கிய ஆசிரியர் மட்டுமே. அப்பழக்கம் திருமறையை ஓதுதற்கும் உதவும் என்பதே இன்று நாம் கூற வந்த செய்தியாகும். கிறிஸ்தவர் அல்லாத உறுப்பினர்களும் பொறுமையுடன் கேட்க வேண்டுகின்றோம். ஏனெனில், நூலின் பெயரால் மனிதனைத் தாழ்த்துவது எல்லா மதத்திலும் நடந்துள்ளது. அதனைக் கண்டறியும் வழியும் எங்கும் ஒன்றேயாம்.

வசனம் செய்யும் கேடு

முதலில் கேட்டினைச் சொல்லுவோம். பன்னிரண்டாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்றுத் தேறிய மகளைக் கல்லூரிக்கு அனுப்பாத பெற்றோரை நாம் சந்தித்ததுண்டு. வறுமை காரணமன்று, உதவித் தொகைக்கு வழி இருந்தது. "முடிவு காலம் நெருங்கிவிட்டது, உலகப் படிப்பு எதற்கு?" என்று எவரோ கூறியதே காரணம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதா, வளர்ந்தபின் முழுக்கு ஞானஸ்நானம் பெறுவதா என்ற வாதத்தில் நிச்சயிக்கப்பட்ட திருமணம் நின்றதையும் கண்டுள்ளோம். சபை மாறியவன் என்பதற்காக அண்ணன் சாவு வீட்டின் வாசலில் தம்பி நின்று திரும்பியதையும் கண்டுள்ளோம். இவர்கள் அனைவரும் தத்தம் கையில் ஒரு வசனத்தை வைத்திருந்தனர். ஆயினும், அவ்வசனத்தின் முன்னுள்ளதையும் பின்னுள்ளதையும் ஓதியவர் சிலரே.

கருத்து வேறுபாடு எழுவதே தவறு என்று நாம் கூறவில்லை. திருச்சபை தோன்றிய நாள் முதலே வேறுபாடு இருந்தது. விருத்தசேதனம் வேண்டுமா என்ற வினா எழுந்தபோது எருசலேமில் கூடிப் பேசினர் என்பதை அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரம் கூறுகின்றது. ஒருவரை ஒருவர் சபிக்கவில்லை. களத்தில் நடந்ததைக் கேட்டனர், மறையுடன் ஒப்பிட்டனர், முடிவைக் கடிதமாக எழுதி அனுப்பினர். மூன்று படிகளில் அமைந்த இம்முறையை இன்றைய பள்ளி மாணவனும் பின்பற்றலாம்.

தமிழகத்து வாதங்கள்

தமிழ் மண்ணிலும் வாதம் புதிதன்று. தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவர் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து வேத விளக்கம், பேதக மறுத்தல் முதலிய நூல்களை எழுதினார். அவர்களும் எதிர்நூல் எழுதினர். அக்காலத் தமிழ் உரைநடை அவ்வாதத்தால் வளம் பெற்றது என்று கூறினும் பொருந்தும். பின்னர், 1857ஆம் ஆண்டில் நெல்லைச் சீமையில் அருமைநாயகம் சட்டம்பிள்ளை என்பவர் ஐரோப்பிய மிஷனரிமாரிடமிருந்து பிரிந்து தனிச்சபை கண்டார். பழைய ஏற்பாட்டைத் தாமே ஓதிச் சனிக்கிழமையே ஓய்வுநாள் என்று கொண்டார்.

கடவுளைக் குறிக்கும் சொல்லிலேயே ஒற்றுமை இருந்ததில்லை. கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர். பப்ரிசியுஸ் ஐயரின் மொழிபெயர்ப்பு பராபரன் என்றது. பவர் ஐயர் தலைமையில் 1871இல் நிறைவுற்ற திருப்புதல் தேவன் என்றது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் கூடி வெளியிட்ட திருவிவிலியம் கடவுள் என்கின்றது. சொல் நான்கு, குறிக்கப்படும் பொருள் ஒன்று. ஒரு சொல்லையே பற்றிக்கொண்டு அடுத்தவனை அஞ்ஞானி என்பவன், தன் பாட்டனார் வேறு சொல்லால் செபித்தார் என்பதை மறந்தவன் ஆவான்.

பந்தி பற்றிய வழக்கு

எனினும், தமிழ்க் கிறிஸ்தவருள் எழுந்த வாதங்கள் அனைத்திலும் நம்மை நேரே தொட்டது பந்தியையும் பாத்திரத்தையும் பற்றியதேயாகும். இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். அங்கு முன்னரே பணியாற்றிவந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் பாதிரியாருக்கும் அவருக்கும் வாதம் மூண்டது. பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமய அடையாளமா, சமூக வழக்கமா என்பது வினா. சமூக வழக்கமே என்றார் நொபிலி. எல்லாருக்கும் எல்லாமானேன் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய கருத்து அவர் பக்கத்திற்குத் துணையாயிற்று. வழக்கு உரோமாபுரி வரை சென்றது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் நொபிலியின் முறைக்கு இசைவளித்தார். உயர்குலத்தார் தாழ்ந்தோரை இகழலாகாது என்ற அறிவுரையும் அவ்வாணையில் இருந்தது. இசைவு நடைமுறைக்கு வந்தது. அறிவுரை ஏட்டில் தங்கிற்று. மேற்குலத்தாருக்கு ஒரு வகைக் குருமாரும், நம் மக்களுக்கு வேறு வகையினரும் என்ற ஏற்பாடு நிலைத்தது.

1704இல் பாப்பரசரின் தூதராகிய தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, நோயுற்ற பறையர் வீட்டிற்குள் சென்று குருக்கள் தேவதிரவிய அனுமானங்களை வழங்குதல் வேண்டும் என்றது. சாகக் கிடப்பவன் குடிசைக்குள் குரு நுழைவதற்கும் ஓர் ஆணை வேண்டியிருந்தது என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்க. நெடிய வாதத்திற்குப்பின் 1744இல் பாப்பரசர் பதினான்காம் ஆசீர்வாதப்பர் காலத்திலும், நம் மக்களுக்கெனத் தனிக் குருமாரை அமர்த்தும் வழியே ஏற்கப்பட்டது.

லுத்தரன் சபையாரிடமும் இக்குறை இருந்தது. இராசநாயக்கன் என்னும் பெயரை நம் பிள்ளைகள் அறிதல் நலம். அவர் நம் குலத்தவர், தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர், பிறப்பால் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாட்டு நூல் கைக்குக் கிடைக்க, அதனைத் தாமே ஓதித் தெளிந்து, 1720களின் பிற்பகுதியில் லுத்தரன் சபையைச் சேர்ந்தார். சிறந்த உபதேசியாராகப் பலரைத் திரட்டினார். ஆனால், 1733இல் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றவர் ஆரோன் என்னும் வேளாளர். இராசநாயக்கனுக்கு அப்பட்டம் வாய்க்கவில்லை. அவர் கையால் திருவிருந்தைப் பெற மேற்குலத்தார் இசையார் என்பதே காரணம். நூலைத் தானே ஓதத் தெரிந்தவனுக்கு நூலை எடுத்து ஓதும் மேடை மறுக்கப்பட்டது.

அடுத்த நூற்றாண்டில் வாதம் வெளிப்படையாயிற்று. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமை சபைக்குள் உடனே, முற்றாக ஒழிதல் வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். நற்செய்தி அத்தகைய வேற்றுமையை அறியாது என்பது அவர் வாதம். தஞ்சையில் வேளாளக் கிறிஸ்தவர் பலர் கொதித்தெழுந்தனர். கீர்த்தனைகளால் புகழ்பெற்ற வேதநாயகம் சாஸ்திரியாரும் குல வழக்கத்தைக் காக்கும் அணியிலேயே நின்றார். சாதி குடிமை வழக்கமேயன்றிச் சமயமன்று, அதனை வலிந்து ஒழிக்கலாகாது என்று லைப்சிக் மிஷன் தலைவர் கிரால் பின்னாளில் வாதிட்டார்.

நம் மாவட்டத்திற்கு வருவோம். 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்கன் மிஷன் அடுத்த ஆண்டே திண்டுக்கல்லில் நிலையம் அமைத்தது. அம்மிஷன் 1847இல் ஒரு முடிவு செய்தது. சாதியை விட்டேன் என்று வாயால் கூறினால் போதாது. எக்குலத்தாருடனும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டு காட்டுதல் வேண்டும் என்றது. அன்பின் விருந்து என்று அதற்குப் பெயர். பல உபதேசியார்களும் சபையாரும் மறுத்து விலகினர். மிஷன் தன் முடிவினின்றும் வழுவவில்லை. நம் பாட்டன்மார் சமமாக அமர்ந்த பந்தி அத்தகைய உறுதியால் விரிக்கப்பட்டதேயாம்.

இவ்வழக்கில் இரு பக்கத்தாரும் பவுலடியாரையே சான்றாகக் காட்டினர். எவர் ஓதியது சரி? கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அந்தியோகியாவில் புறவினத்தாருடன் உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி ஒதுங்கிக்கொண்டார். அவரைப் பலர் முன்னிலையில் நேருக்கு நேர் கண்டித்தவர் அதே பவுல். ஆகவே, எல்லாருக்கும் எல்லாமாவது என்று அவர் கூறியது ஒருவனை நெருங்குவதற்காக; மற்றொருவனை ஒதுக்குவதற்காக அன்று. ஒரே ஆசிரியரின் இரு கூற்றுகளையும் சேர்த்து ஓதினால் ஐயம் நீங்கும். ஒன்றை மட்டும் எடுத்ததனாலன்றோ இருநூறு ஆண்டு வழக்கு நீண்டது!

வாதம் முடிந்ததால் வழக்கம் முடிந்துவிடவில்லை என்பதையும் கூறல் வேண்டும். வடக்கன்குளம் கோயிலில் குலம் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு உண்டு என்பதை ஒப்பிக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது 2016ஆம் ஆண்டின் இறுதியில். கல்லறைத் தோட்டத்தில் இடம் பிரிக்கும் ஊர்கள் இன்னும் உள்ளன.

ஓதும் முறை

இனி, ஓதும் முறையைக் கூறுவோம். வகுப்பறையில் நாம் மாணவருக்குச் சொல்லும் விதிகளே இவை.

முதலாவது, முன்னும் பின்னும் ஓதுக. திருவிருந்து நாளில் பலரை நடுங்கச் செய்வது கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 11ஆம் அதிகாரத்தில் வரும் அபாத்திரமாய் என்னும் சொல். எங்களைப் போன்றோர் பாத்திரர் அல்லர் என்று கருதி நம் தாய்மார் பலர் பின்வரிசையில் ஒதுங்கி நின்றனர். இலக்கணம் கற்ற மாணவர்களே, அச்சொல் என்ன சொல்? அது வினையடை. உண்பவனைச் சிறப்பிக்கவில்லை, உண்ணும் செயலைச் சிறப்பிக்கின்றது. கிரேக்க மூலத்திலும் அது வினையடையே. உண்ணும் முறையில் என்ன தவறு நேர்ந்தது? சற்று முன்னே ஓதுக. செல்வர் முந்தி உண்டு நிறைந்தனர். இல்லாதவர் பசியோடிருந்து வெட்கமுற்றனர். பின்னே ஓதுக. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்ற பொருளில் பகுதி முடிகின்றது. ஆகவே, அச்சொல் கண்டிப்பது பந்தியில் பாகுபாடு செய்தவனை. பாகுபாட்டால் வருந்தியவனை அச்சுறுத்த அதனைப் பயன்படுத்துதல் அம்பைத் திருப்பி எய்வதாகும்.

இரண்டாவது, பேசுபவர் யார், கேட்பவர் யார் என்று காண்க. காமின் சந்ததி அடிமையாகச் சபிக்கப்பட்டது என்று கூறி அமெரிக்க நாட்டில் கறுப்பின மக்களை அடிமை கொண்டதற்கு நியாயம் கற்பித்தனர். ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தை எடுத்து ஓதினால், சாபம் காமின் மேல் அன்று, கானான் மேல் கூறப்பட்டது என்பது தெரியும். கூறியவர் கடவுளும் அல்லர். மதுவுண்டு விழித்த நோவா. நூலில் உள்ளவை அனைத்தும் கடவுளின் வாய்ச்சொல் என்று கொள்ளலாகாது. சோதனைக்காரன் சொல்லும் நூலில் உள்ளது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் அவன் சங்கீதத்தையே எடுத்துக் காட்டினான். இயேசு நூலை மறுக்கவில்லை. நூலின் வேறோரிடத்தை எடுத்து அவன் கொண்ட பொருளை மறுத்தார். மறைக்கு மறையே உரைகல்.

மூன்றாவது, எழுதியுள்ளது எது, நாம் ஊகித்தது எது என்று பிரிக்க. நடபடிகள் 16ஆம் அதிகாரத்தில் லீதியாளும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெற்றனர் என்றுள்ளது. வீட்டாருள் குழந்தை இருந்தது என்றும் எழுதவில்லை. இல்லை என்றும் எழுதவில்லை. உண்டு என்பதும் ஊகம். இல்லை என்பதும் ஊகம். இருதிறத்தாரும் வேறு காரணங்களையும் காட்டுவர், அவற்றை ஆராயலாம். ஆனால், ஊகத்தை வசனம் என்று கூறித் திருமணத்தை நிறுத்துவது முறையன்று.

நான்காவது, மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுக. பழைய திருப்புதலில் ஞானஸ்நானம் என்றுள்ள இடத்தில் திருவிவிலியம் திருமுழுக்கு என்கின்றது. முழுக்கு என்றதனால் முழுகுவதே முறை என்று அச்சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்தல் இயலாது. தலையில் நீர் ஊற்றும் சபையாரும் அச்சொல்லையே வழங்குகின்றனர். இரு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே வைத்து ஓதுக. ஆங்கிலம் அறிந்தோர் அதனையும் சேர்த்துக் காண்க. பொருள் எங்கே வேறுபடுகின்றதோ அங்கே அவசரம் வேண்டா.

ஐந்தாவது, நீ கொண்ட பொருள் எவனை உயர்த்துகின்றது, எவனை ஒடுக்குகின்றது என்று கேள். பிறவிக் குருடனைக் கண்ட சீடர், இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று வினவினர். இரண்டும் அன்று என்றார் இயேசு. யோவான் 9ஆம் அதிகாரம் இதனைக் கூறும். பிறப்பால் வந்த இழிநிலைக்கு முன்வினையைக் காரணமாகக் கூறக் கேட்டு வளர்ந்த நம் மக்களுக்கு இதனைவிட ஆறுதலான விடை வேறு உண்டோ? அவ்விடைக்கு மாறான பொருளை வேறொரு வசனத்தினின்றும் எவரேனும் வருவித்தால், மீண்டும் ஒருமுறை ஓதுக என்று அவரைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

முடிவு காலம் என்று கூறிப் படிப்பை நிறுத்திய பெற்றோரிடமும் இவ்விதிகளின்படியே பேசினோம். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்பது மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஆண்டவர் நாள் வந்துவிட்டது என்று கலங்கிய தெசலோனிக்கேயாவில் சிலர் வேலை செய்யாமல் சோம்பித் திரிந்தனர். அவர்களுக்குப் பவுல் எழுதியது, உழைத்து உண்ணுங்கள் என்பதே. உழவனுக்கு வயல் எவ்வாறோ, மாணவிக்குக் கல்வி அவ்வாறு. அவ்வாண்டு கடந்துவிட்டது; ஆயினும் மறு ஆண்டு அப்பெண் கல்லூரியில் சேர்ந்தாள்.

ஒவ்வாத இடத்தில் ஒழுகும் முறை

இவ்வாறெல்லாம் ஓதிய பின்னும் வேறுபாடு எஞ்சி நிற்கும். அப்போது என் செய்வது? உணவையும் நாளையும் பற்றி உரோமர் 14ஆம் அதிகாரம் கூறும் வழி ஒன்று உண்டு. அவனவன் தன் மனத்தில் தெளிவு கொள்க, அடுத்தவனை இகழாதிருக்க, தீர்ப்பிடாதிருக்க. ஆனால், இப்பொறுமை உணவு, நாள், சடங்கு ஆகியவற்றிற்கே பொருந்தும். ஒருவனைப் பந்தியினின்றும் விலக்குவதற்கு அது பொருந்தாது என்பதை அந்தியோகியா நிகழ்ச்சி காட்டிவிட்டது. விட்டுக்கொடுக்கத்தக்கது எது, விட்டுக்கொடுக்கத் தகாதது எது என்று அறிதலே தெளிவு. சடங்கில் விட்டுக்கொடுங்கள், மனித மாண்பில் விட்டுக்கொடாதீர்கள்.

வேறுபாட்டைப் பேசித் தீர்க்கக் காலம் பிடிக்கும். 1919இல் தரங்கம்பாடியில் கூடிய இந்தியப் போதகர்கள், மேல்நாட்டிலிருந்து வந்த பிரிவினைகள் நமக்கு எதற்கு என்று வினவினர். பேராயர் அசரியா அம்முயற்சியில் முன்னின்றார். பேராயர் பட்டத்தின் தொடர்ச்சி பற்றிய வாதமே பல ஆண்டுகளை விழுங்கிற்று. 28 ஆண்டுகள் பேசி, 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. கற்றறிந்த பேராயர்களுக்கே 28 ஆண்டுகள் வேண்டியிருந்தன. நம் தெருவில் ஒரே மாலையில் தீர்ந்துவிடல் வேண்டும் என்று உரத்த குரலில் வாதிடுவது எதற்கு?

இன்னொன்றும் கூறுவோம். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் இனத்தாருக்குரிய உரிமையைச் சமயத்தோடு பிணைத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. இது பற்றி ஆராய 2022இல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. இவ்வுரிமைக்காக நாம் ஒன்றுபட்டு நிற்க வேண்டிய நிலையில், சபைக்கொரு அணியாகச் சிதறி நின்றால் நம் குரல் எவர் செவியில் விழும்?

வேண்டுகோள்

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் கழக நூல்நிலையத்தில் திங்களுக்கு ஒருமுறை ஓதும் வட்டம் ஒன்று கூடட்டும். பழைய திருப்புதலும் திருவிவிலியமும் மேசைமேல் இருக்கட்டும். திருக்குறளும், அண்ணல் அம்பேத்கரின் நூல்களும் உடன் இருக்கட்டும். எல்லாச் சபையாரும், சபை சாராதோரும் வரட்டும். ஒருவர் ஒரு பகுதியை உரக்க ஓதுக. எழுதியுள்ளது இது, என் ஊகம் இது என்று பிரித்துச் சொல்லுக. பெண்பிள்ளைகள் ஓதும் முறையும் கட்டாயம் வருதல் வேண்டும். ஏனெனில் அவர்கள் பெயரால் எடுக்கப்படும் முடிவுகளுக்கு வசனம் காட்டுவோர் பெரும்பாலும் ஆடவரே. கூட்டம் முடிந்தபின் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து தேநீர் அருந்துக. 1847இல் இம்மாவட்டத்தில் பலர் செய்ய மறுத்த செயல் அது.

எபிரேயர் சிறையிருப்பினின்றும் திரும்பி வந்தபோது, எஸ்றா நியாயப்பிரமாண நூலைத் திறக்க, லேவியர் அதனைத் தெளிவாக ஓதிப் பொருள் விளங்கச் செய்தனர் என்று நெகேமியா 8ஆம் அதிகாரம் கூறுகின்றது. அதனைக் கேட்டு நின்றவர் ஆடவரும் பெண்டிரும், அறிந்து கேட்கத்தக்க அனைவரும். ஓதுதல், பொருள் விளக்குதல், எல்லாரும் கேட்டல் ஆகிய இம்மூன்றுமே கல்வி. நம் முன்னோருக்கு இம்மூன்றும் மறுக்கப்பட்டன. இராசநாயக்கனுக்கு ஓதல் வாய்த்தது, மேடை வாய்க்கவில்லை. உங்களுக்கு இரண்டும் வாய்த்துள்ளன. ஆகவே, எவர் எந்த வசனத்தைக் காட்டினாலும், அஞ்சாமலும் இகழாமலும், நூலைக் கொடுங்கள் ஐயா, முழுமையும் ஓதிப் பார்ப்போம் என்று கேட்டுப் பழகுங்கள்.